புதுத் தாழ்ப்பாள்

அத்தியாயம் பதினொன்று

கொன்ஸ்ரன்ஸ் டீச்சர் நேசத்துக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவாளா என்று போன கிழமை முழுக்க நீங்களும் யோசித்திருப்பீர்கள். அவளைத் தெரிந்த எனக்கே ஐமிச்சம்தான்.

பெரிய வாக்கு ஒன்றுமில்லை. ஒரு பின்னேரத்துக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தின் விசேட கல்விப் பிரிவில் தலைமயிர் நரைக்கும் வரைக்கும் படிப்பித்த கொன்ஸ்ரன்ஸ், மகள் ரொஷேல் விரும்புகிற டெறிக்கின் வீட்டைப் பார்க்கப் போகிற அன்று தன் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. அவள் 'என்ட பிள்ளையள்' என்றால் அது ரொஷேல் இல்லை. பெற்றது ரொஷேல் ஒருத்தியைத்தான். மற்றதெல்லாம் வகுப்பில் இருக்கிறவர்கள்.

வாக்கைக் கேட்டவள் புருஷன் பிறெடியின் தமக்கை நேசம். காரணம் இல்லாமல் கேட்கவில்லை. போன வருஷம் வந்த ஒரு சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் தாய், "அப்படிப்பட்ட பிள்ளையளோடயே இருக்கிறீங்க. உங்கட பரம்பரையிலயும் யாருக்கும் இருக்கோ?" என்று கேட்டுவிட்டாள். கொன்ஸ்ரன்ஸ் தேத்தண்ணி ஆறும் வரைக்கும் அந்த அம்மாவுக்கு வகுப்பெடுத்தாள். தேத்தண்ணியோடு சம்பந்தமும் ஆறிப்போனது.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் முடிக்கலாமெண்டு சொல்லுவினம்," என்றாள் நேசம். "உன்னட்ட நான் ஒரு பொய்யும் கேக்கேல்ல. வாயை மூடு எண்டு மட்டும்தான் கேக்கிறன். ஸ்கூல்ல படிப்பிக்கிறா எண்டு சொல்லி வச்சிருக்கிறன். அது உண்மைதானே."

ரொஷேலும் கையைப் பிடித்தாள். "ப்ளீஸ் மம்மி. இந்த ஒருக்கா மட்டும்."

மகள் கெஞ்சிப் பழக்கம் இல்லாதவள். நுகேகொடையில் ஒரு ஒடிட் கொம்பனியில் நாலு பேரை மேய்க்கிறவள். அவளே கையைப் பிடித்த பிறகு கொன்ஸ்ரன்ஸ் என்ன சொல்லுவாள்? ஓம் என்றுவிட்டாள்.

அந்தப் பின்னேரம்தான் இன்றைக்கு.

பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய் உடுத்து வர நேரம் காணாது என்று, காலையிலேயே மஞ்சள் சில்க் சாறியை உடுத்திக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டாள். இந்த வகுப்புக்குச் சில்க் உடுத்தி வருகிறவர்களுக்குப் புத்தி மட்டு என்று புது டீச்சர்மாருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்கென்று பார்த்துத்தான் நுஸ்ரத் பெயின்டில் கை வைத்தாள்.

நுஸ்ரத் கிராண்ட்பாஸ் பிள்ளை. எட்டு வயது. ஈரமான எதையும் தொடமாட்டாள். களிமண், பசை, பிசைந்த மா, எதைக் கண்டாலும் இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் ஒளித்துக்கொள்வாள். சோறும் கரண்டியால்தான். வீட்டில் கையைப் பிடித்து இழுத்துக் கழுவப்போனால் அந்த ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

கொன்ஸ்ரன்ஸ் இழுக்கவில்லை. முதலில் ஒரு தட்டில் அரிசி. அது பழகியதும் குரக்கன் மா. பிறகு லேசாக நனைந்த மணல். ஒவ்வொன்றும் நுஸ்ரத்தின் மேசையில் நாள்கணக்காகக் கிடக்கும். தொடு என்று ஒருவரும் சொல்வதில்லை. கடைசியாக வந்தது பச்சைப் பெயின்ட். அது வந்து மாதம் இரண்டாகியும் நுஸ்ரத் திரும்பிப் பார்க்கவில்லை. உதவி டீச்சர், "மிஸ், இது காயுது, கொட்டிடுவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் ஒவ்வொரு நாளும் புதுசாக ஊற்றி வைத்தாள்.

இன்று இடைவேளை முடிந்து வந்த நுஸ்ரத் நேரே தட்டுக்குப் போனாள். வலது கையை உள்ளே வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். கத்தவில்லை. துடைக்க ஏதாவது வேண்டுமென்று சுற்றிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றது மஞ்சள் சில்க்.

உதவி டீச்சர் நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

"நல்ல பச்சை," என்றாள் கொன்ஸ்ரன்ஸ், அசையாமல். "கழுவுவமா, இன்னும் பூசுவமா?"

நுஸ்ரத் தட்டைக் காட்டினாள்.

இதற்குப் பிறகு கொன்ஸ்ரன்ஸுக்குச் சாறி என்ன, சம்பந்தம் என்ன. பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் கால் நிலத்தில் பாவவில்லை.

வாசலில் த்ரீவீலுக்குள் பிறெடியும் நேசமும் காத்திருந்தார்கள். நேசத்தின் கண் முதலில் முந்தானைக்குத்தான் போனது.

"இதென்ன?"

"கை."

"கையெண்டு தெரியுது. யாற்ற கை?"

"அதைக் கதைக்கக் கூடாதெண்டுதானே மச்சாள் சொன்னனீங்க."

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பிறெடிக்குச் சிரிப்பு வந்தது. தமக்கைக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்து சிரிக்கிற அளவுக்கு அவர் முட்டாள் இல்லை. வெளியே பார்த்தார்.

நேசம் தன் சட்டையிலிருந்த ஊசியைக் கழற்றி, பச்சைக் கை உள்ளே போகிறமாதிரி முந்தானையை மடித்துக் குத்தினாள். "இனி இருந்த இடத்தில இரு. கையைத் தூக்காத. கனக்கக் குனியாத."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

புறக்கோட்டை நெரிசலைத் தாண்டியதும் சாரதி பறக்கத் தொடங்கினான். நேசம் "ஹெமின் யன்ன மல்லி", மெதுவாகப் போ தம்பி, என்று சிங்களத்தில் சொல்லச் சொல்ல, இன்னும் பறந்தான். காலி வீதியால் போய், வெள்ளவத்தையில் கடற்பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் கொண்டுபோய் நிறுத்தினான்.

நாலாம் மாடி. கதவைத் திறந்தவள் டெறிக்கின் தாய் றஞ்சிதம். புருஷனைப் பறிகொடுத்து மூன்று வருஷம் ஆகியும் வெள்ளையும் சாம்பலும்தான் உடுத்துகிறாள். நல்ல முகம். ஆனால் அழுது கழுவின முகம் என்று கொன்ஸ்ரன்ஸுக்குப் பட்டது.

"வாங்கோ டீச்சர், வாங்கோ. இருங்கோ."

மேசையில் பற்றிஸ், ரோல்ஸ், ரிபன் கேக் எல்லாம் வரிசையாக இருந்தன. டெறிக் மடிப்புக் குலையாத சேட்டுடன் நின்றான். தலைக்கு மேலே காற்றாடி சுழல, அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஹலோ அன்ரி," என்று சொன்னவன் கொன்ஸ்ரன்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியாராக வரப்போகிறவளைப் பார்க்கிற பயம் என்று பிறெடி நினைத்தார். நினைத்துக்கொண்டு ஒரு பற்றிஸை எடுத்தார்.

வீடு நல்ல வீடு. ஹோல் ஜன்னலைத் திறந்தால் கீழே மரீன் டிரைவ், அதையடுத்து ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ஜன்னலோடு ஒட்டி ஒரு பிரம்புக் கதிரை. அதில் குஷன் நன்றாக அமுங்கியிருந்தது. அது ஒருவர் தினமும் இருக்கிற இடம்.

கொன்ஸ்ரன்ஸின் கண் சும்மா இருக்காது. பிழைப்பு அப்படி. நடைபாதையின் கடைசியில் ஒரு அறைக் கதவு. அதன் வெளிப்பக்கத்தில், மேலே எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள். பளபளவென்று புதுசு. கீழே தரையில் துளைபோட்ட மரத்தூள் கொஞ்சம் கூட்டாமல் கிடந்தது.

உள்ளுக்குள் ஏதோ ஒன்று அவளைக் கிள்ளியது. நேசமும் கிள்ளினாள். "கேக்கிறாவல்லோ, பதில் சொல்லு."

"சீனி போடட்டே எண்டு கேட்டனான், டீச்சர்," என்றாள் றஞ்சிதம்.

"அரைக் கரண்டி."

நேசம் பேச்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கலியாணத்தைச் சாந்த லூசியா தேவாலயத்தில் வைக்கலாமா, விருந்துக்கு ஹோல் எங்கே எடுக்கலாம், டெறிக்குக்கு லீவு எப்போது. றஞ்சிதம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் காது வேறெங்கோ இருந்தது.

அந்த நேரத்தில்தான் கோட்டைப் பக்கம் போகிற ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தத்தோடு அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், நல்ல கனத்த ஆண் குரல், ஸ்டேஷனில் அறிவிக்கிற அதே ராகத்தில் வந்தது.

"பம்பலப்பிட்டி. கொள்ளுப்பிட்டி. கொம்பனித்தெரு. கோட்டை. மருதானை."



"பக்கத்து வீடு," என்றாள் றஞ்சிதம்.

"றேடியோ," என்றான் டெறிக்.

இரண்டும் ஒன்றாக வந்தன. தாயும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறெடி வாய்க்குக் கொண்டுபோன இரண்டாவது பற்றிஸை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறார்கள் என்று கொன்ஸ்ரன்ஸுக்கு விளங்கிவிட்டது. எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறாள் இதை. விருந்தாளி வந்தால் பின்னறை. கலியாணப் பேச்சு என்றால் சித்தி வீடு. அவளுக்குக் காது இரண்டும் சூடேறியது.

நேசத்தின் கை அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தது. பிறெடி கண்ணாலேயே கும்பிட்டார். ரொஷேல் கையைப் பிடித்துக் கெஞ்சினதும் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தால் மகளின் கலியாணம். திறக்காவிட்டால் கதவுக்குப் பின்னால் ஒருவன்.

ஒரு வாய் தேத்தண்ணி குடித்தாள். நல்ல தேத்தண்ணி. அதைக் கூடச் சொன்னாள். அவ்வளவு தூரம் அவள் முயன்றது எனக்கே ஆச்சரியம்.

"ஹோல் எடுக்கிறதெண்டால் இப்பவே சொல்லி வைக்கவேணும்," என்று நேசம் தொடங்கினாள். அதற்குள் மற்றப் பக்கத்து ரயில். இந்த முறை ஸ்டேஷன் பெயர்கள் வரவில்லை. கதவில் தட்டுச் சத்தம் வந்தது. கோபமாக இல்லை. மரியாதையாக, மூன்று தட்டு.

"அம்மா. ரெயின் போகுது. இங்க இருந்து தெரியேல்ல."

றஞ்சிதம் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொன்ஸ்ரன்ஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "அக்கா, அவர் தினமும் ரெயின் பாக்கிற இடத்தில இண்டைக்கு நாங்கள் இருக்கிறம். கதவைத் திறவுங்கோ."

"கொன்ஸ்ரன்ஸ்," என்றாள் நேசம்.

"நான் ஒருத்தரைப் பற்றியும் கதைக்கேல்ல, மச்சாள். கதவைத் திறக்கச் சொல்லித்தான் சொன்னனான்." பிறகு றஞ்சிதத்திடம் திரும்பினாள். "உங்கட வீடு. உங்கட பிள்ளை. நான் போய்த் திறக்கிறது சரியில்ல. நீங்க திறவுங்கோ."

றஞ்சிதம் டெறிக்கைப் பார்த்தாள். டெறிக் தரையைப் பார்த்தான். அவள் எழும்பிப் போனாள். தாழ்ப்பாள் எட்டவில்லை. குதிக்காலை உயர்த்தி, எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் இரண்டு தரம் தடவி, மூன்றாம் தரம்தான் திறந்தாள்.

வெளியே வந்தவனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். டெறிக்கின் அதே நெற்றி, அதே மூக்கு. நல்ல உயரம். நீலச் சேட்டை மேல் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தான். ஒருவரையும் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போனான். ரயில் போய்விட்டது. வெறும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போயிட்டுது," என்றான்.

"எங்களாலதான் உங்களுக்கு ரெயின் தவறிப்போச்சு. மன்னியுங்கோ," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "என்ட பெயர் கொன்ஸ்ரன்ஸ். உங்கட பெயர்?"

"பபா எண்டு கூப்பி..." என்று றஞ்சிதம் தொடங்க, கொன்ஸ்ரன்ஸ் விரலை லேசாக உயர்த்தினாள். றஞ்சிதம் நிறுத்தினாள். நேசம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறெடி தன் கையிலிருந்த பற்றிஸை அவளிடம் நீட்டினார். காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. நேசத்துக்கு அது ஒரு மணித்தியாலம் போல இருந்திருக்கும்.

"பேணாட்," என்றான் அவன். கொஞ்சம் பொறுத்து, "பேணாட் அலோசியஸ்."

"சந்தோஷம், பேணாட்."

விரலை உயர்த்தினதில் ஊசி கழன்று முந்தானை விரிந்தது. பேணாட் கிட்ட வந்தான். பச்சைக் கையைப் பார்த்தான். தன்னுடைய பெரிய உள்ளங்கையை அதன் மேல், சாறியில் படாமல், பிடித்துப் பார்த்தான்.

"சின்னன்," என்றான்.

"ஓம், சின்னன். நுஸ்ரத்தின்ட கை. எட்டு வயது. என்ட வகுப்பு." இனி மறைக்க என்ன இருக்கிறது? கொன்ஸ்ரன்ஸ் றஞ்சிதத்தைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, நான் சும்மா டீச்சர் இல்ல. விசேட கல்வி. பேணாட்டைப் போல பிள்ளையளோடதான் என்ட சீவியம் போனது."

நேசம் தலையில் கை வைத்தாள்.

றஞ்சிதம் அப்படியே பிரம்புக் கதிரையில் இருந்தாள். பிறகு பேசினபோது குரல் நடுங்கியது. அழுகையால் இல்லை, கோபத்தால்.

"அப்ப என்னத்துக்கு டீச்சர் ஒளிச்சு வைக்கச் சொன்னனீங்க?"

"என்ன?"

"நான் இவனை ஒருநாளும் ஒளிச்சதில்ல. பூசைக்கும் என்னோட வருவான், மாக்கற்றுக்கும் என்னோட வருவான். வெள்ளவத்தை மாக்கற்றில மீன்காரன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான், பேணாட்டின்ட அம்மா எண்டுதான் கூப்பிடுவான். பிறந்ததுக்கு இவனுக்கு ஒரு கதவும் பூட்டேல்ல. இந்தத் தாழ்ப்பாள் நேற்று வந்தது. நீங்க வந்து போகுமட்டும் இவன் கண்ணில படக்கூடாதெண்டு உங்கட பக்கம் சொன்னபடியால் வந்தது."

இந்த மனுசியைப் பற்றி ஒரு கோப்பை தேத்தண்ணிக்குள் என்னவெல்லாம் நினைத்துவிட்டாள். கொன்ஸ்ரன்ஸுக்கு வெட்கமாக இருந்தது.

"எங்கட பக்கமெண்டால் யார் அக்கா?"

"அம்மா, விடுங்கோ," என்றான் டெறிக். அன்று அவன் பேசின முதல் உருப்படியான சொல் அதுதான்.

"தாழ்ப்பாள் பூட்டினது நீங்களா தம்பி?"

அவன் தலையாட்டினான். "அன்ரி, நான் எக்ஸ்பிளெய்ன் பண்ணுறன். இப்ப இல்ல."

இதற்கிடையில் ஜன்னலடியில் வேறொரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பிறெடி எழும்பிப் போய் பேணாட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்தது மாத்தறை ரயிலா, அளுத்கமை ரயிலா என்று கேட்டார். பேணாட் அவரைத் திருத்தினான். பிறெடி கிரேனைப் பற்றிச் சொன்னார். பேணாட்டுக்குக் கிரேனில் அக்கறையில்லை. ஆனால் பக்கத்தில் நிற்க இடம் விட்டான்.

எழும்பும்போது றஞ்சிதம் கேட்டாள். "அப்ப இந்தச் சம்பந்தம், டீச்சர்?"

"பேணாட்டாலை ஒண்டும் குழம்பாது அக்கா. என்னை நம்புங்கோ. ஆனா இந்தக் கதவை யார் மூடச் சொன்னதெண்டு தெரியாமல் நான் கேக் வெட்ட மாட்டன்."

இரண்டு பெண்களும் ஒருவர் நம்பரை ஒருவர் போனில் குத்திக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது த்ரீவீலுக்குள் நேசத்துக்கு மூச்சு வாங்கியது.

"கொச்சிக்கடை அந்தோனியார் சத்தியமா நானில்ல. வீட்டில யார் யார் எண்டு அந்தப் பொடியனிட்டக் கேட்டனான். அம்மாவும் நானும் எண்டான். அவனுக்குத் தம்பியொண்டு இருக்கிறதே எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா ஒளிக்கச் சொல்லியிருப்பீங்க, மச்சாள்."

நேசம் யோசித்தாள். "ஓம்," என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா தெரியாது."

அப்போ யார்? பிறெடிக்கு நெஞ்சில் ஏதோ தட்டியிருக்கவேண்டும். மனைவியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கொட்டாஞ்சேனை வரைக்கும் விடவில்லை. கொன்ஸ்ரன்ஸுக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. விளங்குவது பிடிக்கவில்லை.

வீட்டில் ரொஷேல் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றாள். "எப்படி மம்மி? வீடு பிடிச்சுதா?"

"நல்ல வீடு. பேணாட்டைப் பாத்தன்."

ரொஷேல், 'யார் பேணாட்' என்று கேட்கவில்லை. கேட்காததே போதுமாக இருந்தது.

நேசத்தைப் பிறெடி குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். தேத்தண்ணி போடத் தெரியாத மனுஷன், தேத்தண்ணி போடப் போவதாகச் சொன்னார்.

"நீயா மகள்?"

"ஓம்." ரொஷேல் நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள். தாயின் பிள்ளை. "நான்தான் டெறிக்கிட்ட சொன்னனான்."

"உனக்கு வெட்கமா, அப்படி ஒரு மச்சினன் இருக்கிறதுக்கு?"

"இல்ல. ஒருநாளும் இல்ல. பேணாட்டோட நான் எத்தனை தரம் ரெயினில போயிருக்கிறன். அவருக்குப் பாணந்துறை வரைக்கும் ஸ்டேஷன் எல்லாம் பாடம். எனக்கு அவரைப் பிடிக்கும் மம்மி."

"அப்ப?"

ரொஷேல் சொல்லத் தொடங்கினாள். நிறுத்தவில்லை.

"என்ட ஓ லெவல் ரிசல்ட் வந்த அண்டைக்கு நீங்க வீட்டுக்கு வந்து முதல் என்ன சொன்னீங்க எண்டு ஞாபகம் இருக்கா? ஷிரோமி இண்டைக்குத் தனியச் சட்டைப் பொத்தான் போட்டவள் எண்டு. சொல்லி அழுதீங்க, சந்தோஷத்தில. நான் ரிசல்ட் பேப்பரைக் கையில வச்சுக்கொண்டு நிண்டனான். எனக்கும் ஷிரோமியைப் பிடிக்கும். ஆனா நிண்டனான்."

கொன்ஸ்ரன்ஸுக்கு ஷிரோமியின் பொத்தான் ஞாபகம் இருந்தது. வெள்ளைச் சட்டை, நீலப் பொத்தான். மகளின் ரிசல்ட் என்ன என்று யோசித்தாள். வரவில்லை.

"பேணாட்டைக் கண்டீங்க எண்டா அதோட சரி. நீங்க அவருக்காகத்தான் அந்த வீட்டுக்குப் போவீங்க. கதைக்கிறது எல்லாம் அவரைப் பற்றித்தான் இருக்கும். என்ட மாமி உங்களைத் தேடுவா, என்னை இல்ல. அது பிழையில்ல மம்மி. நல்ல வேலைதான். ஆனா ஒரு நாள், ஒரே ஒரு பின்னேரம், என்ட அம்மாவா மட்டும் எனக்காகப் போயிட்டு வாங்கோ எண்டு நினைச்சன். பிறகு நானே உங்களுக்குச் சொல்லுவன் எண்டு இருந்தனான்."

கொன்ஸ்ரன்ஸ் சோபாவில் இருந்தாள். வலித்தது. வலிக்கவேண்டிய இடத்தில்தான் வலித்தது.

"நீ என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"எப்ப சொல்லுறது? நீங்க வீட்டில இருக்கிற நேரம் சொல்லுங்கோ."



"சரி," என்றாள் கொன்ஸ்ரன்ஸ் கடைசியில். "என்ட கணக்கை நான் பாக்கிறன். அது நமக்கிடையில. ஆனா அந்தப் பிள்ளையைத் தாழ்ப்பாள் போட்டுப் பூட்டினது..."

"என்ன தாழ்ப்பாள்?"

"கதவுக்கு வெளியால. மேல. புதுசு. மரத்தூள் கூடக் கூட்டேல்ல."

"நான் அப்படிச் சொல்லேல்ல. பின்னேரம் எங்கயாவது கூட்டிக்கொண்டு போ, கோல் பேஸ் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடலை வாங்கிக் குடு எண்டுதான் சொன்னனான். பூட்டச் சொல்லேல்ல மம்மி."

"எனக்குத் தெரியும். நீ சொல்லமாட்டாய். பூட்டினது டெறிக்."

ரொஷேல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் கட்டப்போகிறவன் ட்ரில் மெஷினை எடுத்து, தம்பியின் கதவில் துளை போடுகிறதை அவள் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். கொன்ஸ்ரன்ஸ் எழும்பிப் போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். ரொஷேல் விலகவில்லை. சாயவும் இல்லை.

அப்போது கொன்ஸ்ரன்ஸின் போன் அடித்தது. றஞ்சிதம்.

"டீச்சர், குறை நினைக்காதேங்கோ, போய்ச் சேர்ந்ததும் சேராததுமா எடுக்கிறன்." குரலில் பின்னேரத்துக் கோபம் இல்லை. அவசரம் இருந்தது. "இவனை ஒரு ஸ்கூலிலும் கனகாலம் வச்சிருக்கேல்ல. இண்டைக்கு நீங்க கேட்டதுக்குத் தன்ட முழுப் பேரையும் சொன்னான். பிற ஆக்களுக்கு இவன் வாய் திறந்தே நான் காணேல்ல. நாளைக்குப் பின்னேரம் உங்களிட்டக் கூட்டிக்கொண்டு வரட்டே? ஒரு மணித்தியாலம் இருந்தாக் காணும்."

ஓம் என்கிற சொல் கொன்ஸ்ரன்ஸின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவளுடைய மனசு அதற்குள் நாளைக்குப் பின்னேரத்துக்கே போய், ரயில் படங்களை எங்கே ஒட்டலாம், முதலில் எதைக் கேட்கலாம் என்று அடுக்கத் தொடங்கிவிட்டது. போனில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். ரொஷேலுக்கும் எல்லாம் கேட்டது. அவள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தனக்குத் தெரிந்த பதிலைக் கேட்கக் காத்திருந்தாள்.

"அக்கா," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. "இதுக்குப் பதில் சொல்லவேண்டியது நான் இல்ல. உங்கட மருமகள் பக்கத்தில நிக்கிறா. அவ சொல்லுவா."

போனை நீட்டினாள்.

ரொஷேல் உடனே வாங்கவில்லை. "ஹலோ, டீச்சர்? லைன் இருக்கா?" என்று றஞ்சிதம் கேட்டுக்கொண்டிருந்தாள். குசினி வாசலில் பிறெடியும் நேசமும் வந்து நின்றார்கள்.

ரொஷேல் போனை வாங்கினாள்.

"மாமி, நான் ரொஷேல்." "நாளைக்கு வாறதைப் பற்றிப் பிறகு கதைப்பம். டெறிக் பக்கத்தில இருந்தா இருக்கட்டும், அவரோட எனக்கு இப்ப கதை இல்ல. முதல்ல பேணாட்டிட்ட போனைக் குடுங்கோ. நான் அவரிட்ட ஒண்டு சொல்லவேணும்."